கலியாண வீட்டில் தோழன், தோழி முதலிய பொறுப்புகளை யாருக்குக் கொடுப்பது? யாழ்ப்பாண வழக்கை ஒட்டிய கேள்விகளும் பதில்களும்

யாழ்ப்பாணத்தில் ஒரு கலியாணம் பொருந்தியதும் நாள் பார்ப்பதும் மண்டபம் பதிவு செய்வதும் உடனே நடந்துவிடுகின்றன. மணவறையில் யார் இருப்பது, யார் ஆராத்தி எடுப்பது, மாப்பிள்ளையை அழைத்துவர யார் போவது என்ற பேச்சு மட்டும் கடைசி இரண்டு வாரங்களுக்குத் தள்ளிப் போடப்படுகிறது. கலியாணம் முடிந்து பல வருடங்கள் சென்ற பிறகும் உறவுகளுக்கிடையில் ஆறாமல் நிற்கும் மனத்தாங்கல்களில் பல, இந்தப் பேச்சை உரிய நேரத்தில் பேசாததால் வந்தவையே. ஊரிலும் வெளிநாட்டிலும் இருந்து கலியாணம் ஏற்பாடு செய்யும் குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. பெரும்பகுதி சைவக் கலியாணத்தைப் பற்றியது. தேவாலயத் திருமணமும் எழுத்தும் (பதிவுத் திருமணமும்) பின்னால் வருகின்றன. ஊருக்கு ஊர், குடும்பத்துக்குக் குடும்பம் சிறு வேறுபாடுகள் உண்டு என்பதால், உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் கலியாணத்தை நடத்தி வைக்கும் குருக்களையும் கேட்டுக்கொண்டு இவற்றைப் பின்பற்றுவது நல்லது.

தோழன் என்பவர் மாப்பிள்ளையின் நண்பரா, பெண்ணின் சகோதரரா?

பெண்ணின் சகோதரர். வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இதில்தான் அதிகம் குழம்புகிறார்கள். மேலைநாட்டு முறையில் பெஸ்ட் மானாக நிற்பவர் மாப்பிள்ளையின் சொந்த நண்பர் அல்லது சகோதரர். அவர் மாப்பிள்ளை பக்கத்து மனிதர். நமது வழக்கிலோ மாப்பிள்ளைக்குத் துணையாக அமர்பவர் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறார்.

கலியாண நாளன்று பெண் வீட்டிலிருந்து பெரியவர்கள் தட்டங்களுடன் மாப்பிள்ளை வீட்டுக்கு அவரை அழைத்துவரப் போகும்போது, தோழனும் அவர்களுடன் போகிறார். மாப்பிள்ளை பட்டு வேட்டி, சால்வை, தலைப்பாகையுடன் மண்டப வாசலுக்கு வந்து இறங்கியதும், தோழன் செம்பு நீரால் அவருடைய பாதங்களைக் கழுவுகிறார். மாப்பிள்ளை அதற்கு மரியாதையாகத் தோழனின் விரலில் மோதிரம் அணிவிக்கிறார். ஆராத்தி முடிந்ததும் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துச் செல்வதும், கிரியைகள் நடக்கும்போது பக்கத்தில் அமர்வதும், ஓமத்தின்போது பெண்ணின் கையில் நெற்பொரியை எடுத்துக் கொடுப்பதும் தோழனின் வேலைகள். இவ்வளவும் சேர்ந்து ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன: பெண்ணின் சகோதரன் தன் அக்காவின் அல்லது தங்கையின் கணவனை எல்லோருக்கும் முன்னால் அத்தானாகவோ மச்சானாகவோ ஏற்றுக்கொள்கிறான். நண்பர் ஒருவரை அந்த இடத்தில் இருத்தினால் வேலை நடக்கும். ஆனால் அந்த ஏற்பு நடக்காது. ஆகையால் தோழனின் இடத்தை உறவுக்கே விட்டுவிட்டு, நண்பர்களுக்கு வேறு இடம் தேடுவதே முறையானது.

பெண்ணுக்குக் கூடப்பிறந்த ஆண் பிள்ளை இல்லை. யாரைத் தோழனாக்கலாம்?

சகோதர முறையில் உள்ள எவரையும் ஆக்கலாம். பெரியப்பா, சித்தப்பா மகன்மாரும், பெரியம்மா, சின்னம்மா மகன்மாரும் நம் முறையில் அண்ணன் தம்பிகளே. இவர்களில் திருமணமாகாத ஒருவரைத் தெரிவு செய்வது வழக்கம். மாமா மகனையோ மாமி மகனையோ கேட்பதற்கு முன் நின்று யோசிக்க வேண்டும். அவர் பெண்ணுக்கு மச்சான் முறை, அதாவது ஒரு காலத்தில் இவளையே மணக்க உரித்தானவராகக் கருதப்பட்டவர். பெண்ணின் சகோதரனாக நின்று மாப்பிள்ளையின் பாதத்தைக் கழுவுவது அவருடைய முறைக்குப் பொருந்தாது. அவர் எவ்வளவு நெருக்கமானவராக இருந்தாலும், குடும்பத்துப் பெரியவர்கள் இதைக் கண்டால் மெல்ல முகம் சுளிப்பார்கள்.

போரும் இடப்பெயர்வும் குடும்பங்களைச் சிதறடித்த பிறகு, ஒன்றுவிட்ட சகோதரர்கள் கூட ஊரில் ஒருவரும் இல்லாத வீடுகள் பல இருக்கின்றன. அப்படியான இடத்தில், தூரத்து உறவில் தம்பி முறையானவரையோ, பெண்ணோடு கூடவே வளர்ந்த அயல்வீட்டுப் பிள்ளையையோ இருத்துவதில் குறை ஏதும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். ஒரே ஒழுங்கைக்குள் ஓடித் திரிந்து, நோயென்றால் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போன பிள்ளைக்கு அந்த உரிமை உண்டு. அவருடைய தாய் தகப்பனிடமும் சொல்லி, குடும்பத்தில் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். மண்டபத்தில் வைத்து “இவர் யார்?” என்ற கேள்வி அந்தப் பிள்ளையின் காதில் விழக்கூடாது.

இரண்டு மூன்று சகோதரர்கள் இருந்தால்?

இளையவரைத் தோழனாக்குவதே பெரும்பாலான வீடுகளின் வழக்கம். மூத்தவர் மாப்பிள்ளை அழைப்புக்குத் தலைமை தாங்கிப் போகலாம்; இன்னொருவர் ஓமத்தில் பொரி கொடுக்கலாம். மணமுடித்த அண்ணன் தன் மனைவியோடு தாய் தகப்பனுக்குப் பக்கத்தில் நிற்பார். பங்கு எல்லோருக்கும் இருக்கிறது. யாருக்கு எது என்பதை வீட்டுக்குள் பேசி முடித்துவிட்டால் போதும்.

ஏழு, எட்டு வயதுப் பையனைத் தோழனாக இருத்தலாமா?

இருத்தலாம், பலர் இருத்துகிறார்கள். படத்தில் அழகாகவும் இருக்கும். ஆனால் ஓமப் புகைக்கு முன்னால், பட்டு வேட்டியும் சிலவேளை தலைப்பாகையும் கட்டிக்கொண்டு, இரண்டு மூன்று மணித்தியாலம் ஒரு சிறுவன் இருப்பது இலகுவான காரியம் அல்ல. காலையில் வயிறாரச் சாப்பிட வைத்து, முதல்நாள் நேரத்தோடு தூங்க வைத்து, மணவறைக்குப் பின்னால் அவனுக்குத் தெரிந்த பெரியவர் ஒருவரைத் தண்ணீரோடு நிறுத்தி வையுங்கள். செம்பால் நீர் ஊற்றுவதை வீட்டு முற்றத்தில் ஓரிரு முறை செய்து பார்க்கட்டும். அவன் அழத் தொடங்கினால் உடனே அந்த இடத்தில் அமரக்கூடிய வேறொரு சகோதரர் வேட்டியோடு தயாராக இருக்க வேண்டும். குழந்தையை அதட்டி இருத்துவது அந்த வேளைக்கு ஏற்றதல்ல.

தோழி யாராக இருக்க வேண்டும்? அவருக்கு என்ன வேலை?

தோழனுக்குச் சொன்ன நியாயமே இங்கும், பக்கம் மட்டும் மாறி. பெண்ணுக்குத் தோழியாக வருபவர் மாப்பிள்ளையின் சகோதரி, அல்லது மாப்பிள்ளைக்குச் சகோதரி முறையான பெண். புதிதாக வரும் மச்சாளைக் கூட இருந்து கவனித்துத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொள்வது அவருடைய உரிமையும் கடமையும் ஆகும்.

தோழியின் வேலை கலியாணத்தின் நடுப்பகுதியில் கனத்து வருகிறது. கன்னிகாதானம் முடிந்ததும், சபையில் உள்ள பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதித்த கூறைச் சேலையை மாப்பிள்ளை பெண்ணின் கையில் கொடுக்கிறார். அதை வாங்கிக்கொண்டு பெண் தோழியோடு உள்ளே போய் உடுத்து வர வேண்டும். வெளியே முகூர்த்தம் ஓடிக்கொண்டிருக்கும். குருக்கள் இரண்டு முறை ஆள் அனுப்புவார். உள்ளே பெண்ணுக்கு வியர்த்துக் கொட்டும். அந்த நேரத்தில் பதறாமல், அலங்காரம் செய்பவருக்கு உதவி, நகைகளைக் கணக்காக எடுத்து வைத்து, பெண்ணுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்து, நல்ல நேரத்துக்குள் மணவறைக்குத் திரும்ப அழைத்துவரக் கூடியவர்தான் நல்ல தோழி. தாலி கட்டும்போது பின்னால் நின்று பெண்ணின் மாலையையும் கூந்தலையும் விலக்கிப் பிடிப்பதும், பல வீடுகளில் விளக்கேந்தி நிற்பதும் அவரே. எனவே மாப்பிள்ளைக்குப் பல சகோதரிகள் இருந்தால், அவர்களில் நிதானமானவரைக் கேளுங்கள்.

சகோதரியே இல்லாவிட்டால் மாப்பிள்ளையின் பெரியப்பா, சித்தப்பா மகளோ, பெரியம்மா, சின்னம்மா மகளோ வரலாம்.

பள்ளிக்கூட நாளிலிருந்து என்னோடு இருந்த சிநேகிதிதான் எனக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். மாப்பிள்ளையின் தங்கையும் இருக்கிறார். என்ன செய்யலாம்?

இந்தக் கேள்வியைக் கேட்கும் பெண்ணின் மனம் எனக்கு நன்றாக விளங்குகிறது. புதிய வீட்டுக்குப் போகும் நாளில் நன்கு பழகிய ஒரு முகம் கூட இருக்க வேண்டும் என்பது நியாயமான ஆசை. மாப்பிள்ளையின் தங்கையை நீங்கள் பொன்னுருக்கலுக்குப் (தாலிக்குப் பொன் உருக்கும் சடங்குக்குப்) பிறகுதான் முதன்முறை நேரில் காண்பவராகக் கூட இருக்கலாம்.

இருந்தாலும் அவரை விலக்கிவிட வேண்டாம். அந்த இடம் மறுக்கப்பட்டால் அவர் தனி ஒருவராக வருந்துவதோடு அது முடிவதில்லை. மாப்பிள்ளையின் தாய் அதைத் தன் மகளுக்கு நேர்ந்த அவமதிப்பாக எடுத்துக்கொள்வார். இருவரையும் இருத்துங்கள். மணவறையில் தோழியாக அமர்வதும், கூறை உடுத்த உடன் செல்வதும், தாலி கட்டும்போது நிற்பதும் மச்சாளுக்கு. காலையில் அலங்காரத்தின்போது கூட இருப்பது, பெண்ணை மணவறைக்கு முதன்முறை அழைத்து வருவது, கைப்பையும் கைத்தொலைபேசியும் மருந்தும் வைத்திருப்பது, மாலை வரவேற்பில் பக்கத்தில் நிற்பது ஆகியவை சிநேகிதிக்கு. உண்மையில் அன்று முழுவதும் உங்களோடு அதிக நேரம் இருக்கப் போகிறவர் சிநேகிதியே.

இதை இருவருக்கும் நீங்களே சொல்லுங்கள். மச்சாளிடம் நீங்கள் நேரில் அல்லது வைபரில் பேசி, “நீங்கள்தான் எனக்குத் தோழியாக இருக்க வேண்டும்” என்று கேட்டால், அந்த ஒரு அழைப்பிலேயே பாதி உறவு தொடங்கிவிடும்.

ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் நண்பர்கள் வருகிறார்கள். ஒரே நிறச் சேலையில் ஆறு பெண்களும் ஒரே நிறக் குர்தாவில் ஆறு ஆண்களும் நிற்கலாமா?

வரவேற்பில் நிற்கட்டும், பெண்ணோடு மண்டபத்துக்குள் வரிசையாக வரட்டும், அதில் யாருக்கும் மறுப்பு இராது. மணவறையைச் சுற்றி நிற்பதில் மட்டும் அளவு வேண்டும். மணவறைக்குள் மணமக்கள், தோழன், தோழி, குருக்கள், இரு பக்கத்துப் பெற்றோர், ஓமகுண்டம், அரசாணி எனும் மங்கல மரக்கிளை, தானியம் முளைக்கவிட்ட முளைப்பாலிகைச் சட்டிகள் எல்லாம் இருக்கின்றன. அதற்கு மேல் பன்னிரண்டு பேர் நின்றால், முன்வரிசையில் இருக்கும் அம்மம்மாவுக்குத் தாலி கட்டுவது தெரியாது. ஊரில் நடக்கும் கலியாணத்துக்கு அவரைப் போன்றவர்கள் அந்த ஒரு கணத்தைப் பார்க்கத்தான் வருகிறார்கள். வீடியோக்காரர்களே ஏற்கெனவே பாதியை மறைத்துவிடுகிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எண்ணிக்கை இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் நம் வழக்கில் எங்கும் இல்லை. நான்கு சிநேகிதிகளும் இரண்டு நண்பர்களும் இருந்தால் அப்படியே இருக்கட்டும். சோடி சேர்ப்பதற்காக அறிமுகமில்லாத ஒருவரைப் பிடித்து வர வேண்டாம்.

தூரத்திலிருந்து வருபவர்களுக்கு உண்மையான வேலையும் கொடுங்கள். வாசலில் பன்னீர், சந்தனம், குங்குமம், கற்கண்டுத் தட்டத்தோடு நின்று வரவேற்பது, வயதானவர்களைக் கைபிடித்து இருத்துவது, வெளிநாட்டு விருந்தினர்களுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லிக் கொடுப்பது ஆகியவற்றை அவர்கள் மிக விருப்பத்தோடு செய்வார்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, நெடுந்தூரம் தரைவழியாக யாழ்ப்பாணம் வந்து சேர வேண்டியவரைக் கலியாணத்துக்கு முதல்நாள் வரச் சொல்லி, அவரை நம்பி முக்கியமான பொறுப்பு எதையும் வைக்க வேண்டாம். சில நாள் முன்னதாக வரமுடிந்தவர்களுக்கே அதைக் கொடுங்கள்.

ஆராத்தி, அறுகு, முளைப்பாலிகை ஆகியவற்றுக்கு யாரைக் கேட்பது?

ஆராத்திக்கு இரண்டு சுமங்கலிப் பெண்கள் வேண்டும். மாப்பிள்ளை பக்கத்திலிருந்து ஒருவரும் பெண் பக்கத்திலிருந்து ஒருவரும் எதிரெதிரே நின்று, வாழைப்பழத் துண்டுகளில் திரி கொளுத்திய தட்டத்தைச் சேர்ந்து பிடித்துச் சுற்றுவார்கள். உயரத்திலும் நிதானத்திலும் ஏறக்குறைய ஒத்தவர்களாக இருந்தால் தட்டம் சாயாது. அன்று பல முறை ஆராத்தி வரும் என்பதால், வாசலில் ஒரு சோடி, முடிவில் வேறொரு சோடி என்று பிரித்துக் கொடுத்தால் மாமிமார், பெரியம்மாமார் பலருக்கு இடம் கிடைக்கும். முளைப்பாலிகை போடுவதற்கு மூன்று அல்லது ஐந்து சுமங்கலிகளைக் கேட்பார்கள். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் தோய வார்க்குமுன் (நீராட்டுமுன்) பால் அறுகு வைப்பவர்களும் ஒற்றை எண்ணிக்கையில் இருப்பது வழக்கம். அதில் தாய்மாமனையும் மாமியையும் மறந்துவிடக் கூடாது. மற்றப் பொறுப்புகளில் விடுபட்டவர்களைச் சேர்க்கவும் இதுவே வசதியான இடம்.

யாரை எதற்குக் கேட்டோம் என்பதை ஒரு தாளில் எழுதி, இரு வீட்டிலும் ஒவ்வொருவரிடம் கொடுத்து வையுங்கள். மண்டபத்தில் ஒலிபெருக்கியில் “ஆராத்தி எடுப்பவர்கள் வரவும்” என்று அழைக்கும்போது நான்கு பேர் எழும்பி இரண்டு பேர் திரும்பிப் போய் இருப்பது பார்க்கவே வருத்தமான காட்சி.

தகப்பன் இல்லை. தாய் முன்னுக்கு வரக்கூடாது என்று உறவினர் சொல்கிறார்கள். என்ன செய்வது?

இந்தப் பக்கம் முழுவதிலும் நான் மிக அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். 2009 இல் போர் முடிந்தபோது கணவனை இழந்திருந்த பெண்கள் பலர் தனியாகவே பிள்ளைகளை வளர்த்து, படிப்பித்து, காணி விற்றும் கடன் பட்டும் இன்று கலியாணம் செய்து வைக்கிறார்கள். அந்தப் பிள்ளையின் மணவறைக்கு வராமல் அந்தத் தாயைச் சமையல் பக்கமோ மண்டபத்தின் கடைசிக் கதிரையோ பார்த்து அனுப்புவது அறமாகாது. வழக்கம் என்ற சொல்லால் அதை மூடக் கூடாது.

நடைமுறையில் செய்யக்கூடியவை பல. கன்னிகாதானத்தைத் தம்பதியர் செய்து கொடுப்பதே முறை என்பதால், தகப்பன் இல்லாத இடத்தில் பெண்ணின் அண்ணன் அண்ணி, பெரியப்பா பெரியம்மா, அல்லது மாமா மாமி அமர்ந்து தாரை வார்க்கிறார்கள். தாய் அவர்களுக்குப் பக்கத்தில் இருந்து மகளின் தோளையோ கையையோ தொட்டுக்கொண்டிருப்பதைத் தடுக்க எந்தக் காரணமும் இல்லை. தாயே முன்னின்று செய்வதற்கு இணங்கும் குருக்கள்மாரும் இருக்கிறார்கள். ஆகவே குருக்களைப் பேசும்போதே இதைக் கேளுங்கள். கலியாண நாளன்று மேடையில் வைத்துக் கேட்க வேண்டாம். கூறைத் தட்டத்தை முதலில் தொட்டு ஆசீர்வதிப்பவராகவும், தாலி கட்டியதும் முதலில் அறுகரிசி போடுபவராகவும் அவரையே அழைக்கலாம். மணமக்கள் முதலில் விழுந்து கும்பிட வேண்டியதும் அவருடைய காலில்தான்.

கணவர் காணாமல் ஆக்கப்பட்ட பெண்களைப் பற்றி இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவர்களில் பலர் கணவர் உயிரோடு இருக்கிறார் என்ற நம்பிக்கையில் பொட்டும் தாலியும் அணிந்திருக்கிறார்கள். அவரைச் சுமங்கலிப் பொறுப்புக்கு அழைப்பதா இல்லையா என்று மற்றவர்கள் கூடி முடிவெடுக்கும் உரிமை யாருக்கும் கிடையாது. வீட்டில் மூத்த பெண் ஒருவர் தனியாகச் சென்று, “உங்களுக்கு விருப்பமென்றால் நீங்கள் ஆராத்தி எடுக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை” என்று கேட்கட்டும். அவர் ஆம் என்றாலும் வேண்டாம் என்றாலும் அது அவருடைய சொல்லாக இருக்கும்.

பிள்ளை இல்லாத பெண்களைத் தவிர்ப்பது, மறுமணம் செய்தவர்களைத் தவிர்ப்பது ஆகியவற்றுக்கும் இதையே சொல்வேன். அன்போடு வளர்த்த சித்தியைவிட நல்ல கை எங்கே கிடைக்கும்?

பேசி வைத்தவருக்குத் துடக்கு (தீட்டு) வந்துவிட்டால்?

இது அடிக்கடி நடக்கிறது. நெருங்கிய உறவில் ஒரு மரணம் நேர்ந்தால் 31ஆம் நாள் இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை மங்கல காரியங்களில் நிற்பதில்லை என்பது யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களின் பொது வழக்கம். பிறப்புத் துடக்கும் உண்டு. இதனால் தோழனுக்கும் தோழிக்கும் ஆராத்தி எடுப்பவர்களுக்கும் ஒவ்வொரு மாற்று ஆளை முன்பே நினைத்து வையுங்கள். மாற்று ஆள் வேறு குடும்பக் கிளையைச் சேர்ந்தவராக இருந்தால்தான் பயன்; ஒரே வீட்டு அண்ணனையும் தம்பியையும் நினைத்து வைத்தால் துடக்கு இருவரையும் ஒன்றாகவே நிறுத்திவிடும். விலக வேண்டி வந்தவருக்குத் துக்கமும் ஏமாற்றமும் சேர்ந்து இருக்கும் என்பதால், துடக்குக் கழிந்த பின் மணமக்கள் அவருடைய வீட்டுக்கு நேரில் போய் வர வேண்டும்.

எப்போது, எப்படிக் கேட்பது?

மண்டபமும் நாளும் முடிவானவுடன் கேட்பதே சரி. ஆடி, புரட்டாதி, மார்கழி மாதங்களில் பெரும்பாலும் கலியாணம் வைக்காததால் மற்ற மாதங்களில் ஒரே நாளில் பல கலியாணங்கள் விழும். ஒரே மச்சாளை மூன்று வீட்டார் கேட்பதும் நடக்கும்.

கலியாணம் சொல்லப் போகும்போது சேர்த்துச் சொல்லிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம். எல்லோருக்கும் கொடுக்கும் அழைப்பிதழோடு சேர்த்துச் சொன்னால், அது தமக்கென்று தனியாகக் கேட்கப்பட்டதாக அவர்களுக்குத் தோன்றாது. பெரியவர்களைப் பெற்றோர் போய்க் கேட்க வேண்டும். ஒத்த வயதினரை மணமக்கள் தாமே கேட்கலாம். என்ன வேலை, எத்தனை மணிக்கு வர வேண்டும், என்ன உடுக்க வேண்டும் என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள். குடும்பக் குழுவில் ஒரு குறுஞ்செய்தியாகப் பட்டியலைப் போடுவது, கேட்கப்பட்டவரையும் கேட்கப்படாதவரையும் ஒரே நேரத்தில் புண்படுத்தும்.

ஒருவர் மறுத்தால் கோபிக்கலாமா?

கூடாது. விடுமுறை கிடைக்காதது, கையில் காசில்லாதது, உடல்நலம், வெளியே சொல்ல விரும்பாத கர்ப்பம், அல்லது சபைக்கு முன்னால் நிற்கக் கூச்சம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். காரணத்தைத் தோண்டாமல், “சரி, நீங்கள் வந்தாலே போதும்” என்று சொல்லுங்கள்.

உடை, மோதிரம், பயணச் செலவு யாருடையது?

தோழனுக்கு அணிவிக்கும் மோதிரம் மாப்பிள்ளை வீட்டாருடையது. அதன் விரலளவை முன்பே கேட்டு வாங்க வேண்டும். வாசலில் எல்லோரும் பார்க்க மோதிரம் விரலில் ஏறாமல் நிற்பதைத் தவிர்க்க வேறு வழியில்லை. தோழியாக வருபவருக்குப் பெண் வீட்டார் சேலை எடுத்துக் கொடுப்பது பல குடும்பங்களில் உண்டு, ஆனால் எல்லாக் குடும்பங்களிலும் இல்லை. எனவே பொன்னுருக்கலுக்கு முன்பே இரு வீட்டாரும் இதைப் பேசிக்கொள்வது நல்லது.

சிநேகிதிகள் ஒரே நிறத்தில் உடுக்க வேண்டும் என்று நீங்கள் கேட்டால், அந்தச் சேலையின் செலவை நீங்களே ஏற்பது முறை. அது இயலாவிட்டால் நிறத்தை மட்டும் சொல்லி, அவரவர் வசதிக்கு ஏற்ற துணியை அவர்களே தெரிவு செய்ய விடுங்கள். தங்கத்தின் விலை இன்று எங்கே நிற்கிறது என்பது கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளுக்குப் போய்வந்த எவருக்கும் தெரியும். தோழிமார் நகை போட்டு வர வேண்டும் என்று ஒருவரும் எதிர்பார்க்கக் கூடாது. கடன் பட்டு நிற்கும் ஒருவரின் சிரிப்பு படத்தில் இருந்து என்ன பயன்?

எழுத்துக்கு யார் சாட்சிக் கையெழுத்து வைப்பது?

எழுத்து, அதாவது பதிவுத் திருமணம், தாலி கட்டும் அன்றே நடக்கலாம். மாதங்களுக்கு முன்பே வீட்டில் நடந்தும் இருக்கலாம். இலங்கைச் சட்டப்படி பதிவாளர் முன்னிலையில் இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பக்கத்துக்கு ஒருவர் என்று பிரித்துக்கொள்வதே வழக்கம். தோழனும் தோழியும்தான் சாட்சிகளாக இருக்க வேண்டும் என்றில்லை. சிறுவன் தோழனாக இருந்தால் அவன் கையெழுத்திடவும் முடியாது. மதிப்பிற்குரிய மாமா, படிப்பித்த ஆசிரியர், குடும்பத்துக்கு நெருங்கிய நண்பர் ஆகியோரை இதற்குக் கேட்பது அழகான மரியாதை. சாட்சிகள் தம் அடையாள அட்டையைக் கொண்டுவர வேண்டும் என்பதை முதல்நாளும் நினைவூட்டுங்கள்.

தேவாலயத் திருமணத்தில் எப்படி?

கத்தோலிக்க, தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பங்களில் பெஸ்ட் மான் மாப்பிள்ளையின் பக்கத்திலிருந்தும், பிரைட்ஸ்மெய்ட் பெண்ணின் பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். அதாவது சைவக் கலியாணத்துக்கு நேர்மாறு. ஒரு பக்கம் சைவம், ஒரு பக்கம் வேதம் (கிறிஸ்தவம்) என்று வரும் கலியாணங்களில் இந்த வேறுபாட்டை இரு வீட்டாருக்கும் முன்பே விளக்காவிட்டால், “எங்கள் பிள்ளையை ஏன் கூப்பிடவில்லை?” என்று இரு பக்கமும் ஒரே நேரத்தில் வருந்தும். இரண்டு சடங்கும் நடப்பதாயின், தேவாலயத்தில் நண்பரும் மணவறையில் சகோதரரும் என்று பிரித்துவிடுவது மிக இலகு.

கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டம் குருவுக்குப் புறம்பாக இரண்டு சாட்சிகளைக் கேட்கிறது. அவர்கள் கத்தோலிக்கராக இருந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. எனவே சைவ நண்பர் ஒருவர் சாட்சியாக நிற்க விரும்பினால் பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பூத்தூவி வரும் சிறுமிகளைப் பொறுத்தவரை, நடக்கத் தொடங்கிய குழந்தைகளைவிட நான்கைந்து வயதுப் பிள்ளைகள் நல்லது. மோதிரத்தைச் சிறு பையனின் கையில் கொடுத்தனுப்பினாலும், உண்மையான மோதிரம் பெஸ்ட் மானின் சட்டைப்பையில் இருக்கட்டும்.

தாலி கட்டி முடிந்ததும் தோழன், தோழியின் வேலையும் முடிந்ததா?

இல்லை. பூதாக்கலம் படைத்து மணமக்கள் ஒரே இலையில் உண்ணும்போது, அவர்களைச் சுற்றி இருந்து பரிமாறுவதும் பகிடி பண்ணுவதும் மச்சான் மச்சாள்மாரின் உரிமை. அன்று காலை முதல் வெறும் வயிற்றோடு இருந்த மணமக்கள் உண்மையில் சாப்பிட்டார்களா என்று பார்ப்பது அதைவிட முக்கியம். கால்மாறிப் போகும்போது, அதாவது மணமக்கள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும்போது, பெண்ணோடு யாராவது துணைக்குப் போக வேண்டும். மாப்பிள்ளை வீட்டில் தோழியாக இருந்த மச்சாள், குளியலறை எங்கே, மாற்றுச் சேலை எந்த அலுமாரியில், மாமிக்கு எப்போது தேநீர் கொடுப்பது என்று காட்டிக் கொடுப்பார். நாலாம் சடங்குக்குப் பெண் வீட்டார் வரும்போது தோழனும் முதல் ஆளாக வருவார். அன்று அவருக்கு இலை போட்டு, முதலில் பரிமாறுங்கள்.